கர்ப்பிணியின் மேல் வீண் பழி

கர்ப்ப காலத்தில் ஒரு ஸ்திரீக்கு நீரிழிவு கண்டிருக்கிறதென்று வைத்தியர் சொன்னவுடன், நம் வீடுகளில் விசாரணையின்றியே தீர்ப்புப் பிறந்துவிடுகிறது. தித்திப்பை அதிகமாகத் தின்றாள் என்பார் மாமியார். உடம்பை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்பார் நாத்தனார். புருஷரோ மௌனத்தால் அதற்குச் சம்மதம் அளிக்கிறார். பழி சுமந்தவள் ஆஸ்பத்திரிக்குப் போகவே கூசுகிறாள். அல்லது பட்டினி கிடந்து வயிற்றிலுள்ள சிசுவையும் வாட்டுகிறாள். இது பெரும் அநீதி என்று நாம் கருதுகிறோம்.

வைத்திய சாஸ்திரம் அளிக்கும் சாட்சியம் யாது? நாம் உண்ணும் அன்னம் குளுகோஸாக மாறி இரத்தத்திற் கலக்கிறது. அது தசைகளுக்குட் புகுவதற்குத் துணை செய்வது கணையம் சுரக்கும் இன்ஸுலின். கர்ப்பந் தரித்தபின் தோன்றும் நஞ்சுக்கொடியோ லாக்டோஜன், வளர்ச்சி ஹார்மோன், புரோஜெஸ்டிரோன் முதலியவற்றைச் சுரந்து, தாயின் தேகத்தில் இன்ஸுலினின் வேகத்தைத் தணிக்கிறது. இதிலும் இயற்கையின் நோக்கம் ஒன்றுண்டு. தாயின் தசைகள் குறைவாக எடுத்துக்கொண்டால், சிசுவுக்குக் குளுகோஸ் தாராளமாகக் கிடைக்கும். ஐந்தாம் மாதத்துக்குப் பின் இவ்வெதிர்ப்பு வலுத்துக்கொண்டே செல்லும். அதை ஈடுசெய்யும் பொருட்டு, திடமான கணையம் முன்னிலும் இரண்டு மூன்று மடங்கு இன்ஸுலினைச் சுரக்கிறது. அவ்வாறு சுரக்க இயலாதபோதே நீரிழிவு தலைகாட்டுகிறது.

இயலாமைக்குக் காரணங்கள் பல. பெற்றோர் வழிவந்த சுபாவம் ஒன்று, வயது மற்றொன்று. மேலும், நம் நாட்டார் உள்ளிட்ட தெற்காசிய மக்களுக்கு, மெலிந்த தேகத்திலும் வயிற்றினுள்ளே கொழுப்புச் சேரும் இயல்பு அதிகம். உடற்பருமனும் உழைப்பின்மையும் பாரத்தைக் கூட்டுகின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இரண்டு லட்டுகளின் மேல் குற்றத்தை நாட்டுவது அறியாமையே.

அலட்சியத்தால் விளையும் கேடோ பெரிது. தாயின் குளுகோஸ் நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடையும்; அவளது இன்ஸுலின் கடவாது. ஆகவே சிசுவின் இளங்கணையமே மிகுதியாகச் சுரந்து அச்சர்க்கரையைச் சமாளிக்க முயல்கிறது. அதனால் சிசு மிதமிஞ்சிப் பருத்துப் பிரசவம் கடினமாகிறது. பிறந்தபின் அதன் இரத்தத்தில் சர்க்கரை சடுதியில் இறங்குவதுமுண்டு. ஒன்பது தேசங்களில் சுமார் 25,000 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து 2008-ல் வெளியான ஆராய்ச்சி, தாயின் சர்க்கரை ஏற ஏற இவ்வபாயங்களும் ஏறுவதைக் காட்டிற்று.

இந்நோய் பெரும்பாலும் வெளிக்குறி ஏதும் காட்டுவதில்லை. ஆதலால் சோதனையே வழி. முதன்முறை வைத்தியரிடம் செல்லும்போதும், அப்போது நோய் இல்லையெனில் 24-வது வாரத்துக்கும் 28-வது வாரத்துக்கும் இடையே மறுபடியும், சோதிக்க வேண்டுமென்பது இந்திய அரசாங்கத்தின் விதிமுறை. 75 கிராம் குளுகோஸைப் பருகி, இரண்டு மணி நேரத்துக்குப் பின் இரத்தம் கொடுத்தால் போதும். வெறும் வயிறாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேற்பட்டால் நோயென்று கொள்வர். இந்த எளிய முறைக்காகச் சென்னை டாக்டர் வீ. சேஷையா போன்றோர் பாடுபட்டதை நாம் நன்றியுடன் நினைவுகூர்கிறோம். நோய் கண்டால் பலருக்கு ஆகார ஒழுங்கும் நடையுமே போதும். போதாதவர்கள் இன்ஸுலின் ஊசிக்கு அஞ்ச வேண்டியதில்லை. அது சிசுவை எட்டாதென்பதை மேலே கண்டோம்.

பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளிப்பட்டதும் எதிர்ப்பு நீங்கும். பெரும்பாலோருக்குச் சர்க்கரையும் இயல்பு நிலைக்குத் திரும்பும். அத்துடன் வழக்கு முடிந்ததென்று வீட்டார் இருந்துவிடுகின்றனர். இதுவே நாம் மிகவும் கண்டிக்கும் பிசகு. கர்ப்பம் வெளிப்படுத்திய கணையத்தின் பலவீனம் பின்னரும் இருக்கத்தான் செய்கிறது. இத்தகைய தாய்மார்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு ஏனையோரைவிட ஏழு மடங்குக்குக் குறையாதென்று ஆராய்ச்சியாளர் கணித்திருக்கின்றனர். ஆறு வாரங் கழித்து ஒரு சோதனையும், பின்னர் ஆண்டுதோறும் ஒன்றும் அவசியம்.

தாய்மையின் பெருமையை மேடைதோறும் முழங்கும் நம் ஆண்மக்களுக்கு ஒரு வார்த்தை. மனைவியைச் சோதனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வீட்டில் பழிச்சொல் எழுந்தால், முதல் மறுப்பு உங்கள் வாயிலிருந்து வரட்டும். குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் அந்த ஆறாவது வாரத்தை மறவாதிருங்கள்.