மூன்று வினைகளுக்கு மூன்று சொற்கள்

சுகாதாரக் கையேடுகளின் தமிழாக்கங்களில் “கிருமி நீக்கம்” என்னும் ஒரே சொல் பல பொருள்களில் ஆளப்பட்டு வருகிறது. இது மொழிக்குறை மட்டுமன்று. உயிரைத் தொடும் குறையுமாகும்.

சோப்பும் நீரும் கொண்டு அழுக்கையும் குருதிக்கறையையும் அகற்றுவது தூய்மையாக்கல். மருந்தாலோ வெப்பத்தாலோ பெரும்பாலான நோய்க்கிருமிகளைக் கொல்வது தொற்றுநீக்கம். உறங்குநிலையிலுள்ள கிருமி வித்துகள் உட்பட அனைத்தையும் ஒழிப்பது முழுக் கிருமியழிப்பு.

ரணஜன்னியை விளைவிக்கும் கிருமியின் வித்துகள் ஸ்பிரிட்டால் துடைப்பதால் மடிவதில்லை, கொதிநீரையும் நம்புவதற்கில்லை. அழுத்த நீராவிக் கலத்தில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைந்தது 15 நிமிடம் அவற்றைத் தாக்க வேண்டும். கருவி முன்னரே கழுவப்படாவிடில், படிந்த குருதி கிருமிகளுக்குக் கவசமாகிவிடும். துடைத்த கருவியும் கலத்திலிட்ட கருவியும் ஒரே பெயர் பெறுமாயின், பணியாளர் எதனை நம்பி எடுப்பார்?

ஆங்கிலச் சொல்லையே ஆளலாமே என்பர் சிலர். ஆனால் “ஸ்டெரிலைசேஷன்” என்றதும் நம் நாட்டில் பலருக்கு நினைவில் எழுவது குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையே.

பச்சிளங் குழவிகளைக் கொன்றுவந்த ரணஜன்னி, பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையினின்றும் 2015-இல் இந்தியாவில் அகற்றப்பட்டது. தடுப்பூசியுடன், தொப்புள்கொடியை அறுக்கும் கருவியின் தூய்மையும் இவ்வெற்றிக்குத் துணைநின்றது. அதனைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.

ஆதலின், களப்பணியாளர் தம் பதிவேட்டிலும் ஆசிரியர் தம் வகுப்பிலும் இம்மூன்று சொற்களையும் வேறுபடுத்தியே வழங்குவாராக. இவற்றினும் தெளிவான சொற்கள் கிடைப்பின் ஏற்கலாம். மூன்றை ஒன்றாக்குவது மட்டும் ஆகாது.