செத்த ஸ்ட்ரிங்கும் சாகாத வாக்குவாதமும்

கல்லூரி டென்னிஸ் கோர்ட் ஓரத்தில் ஒரு வாக்குவாதம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். பாபோலாட் ஆர்.பி.எம். பிளாஸ்ட் நல்லதா, லக்ஸிலான் ஆலு பவர் நல்லதா? சோலிங்கோ ஹைப்பர்-ஜி போட்டால் பந்து அதிகம் சுழலுமா? யோனெக்ஸ் பாலி டூர் புரோ கைக்கு இதமாக இருக்குமா? ஆளுக்கொரு கட்சி. தேர்தல் நேரத்து டீக்கடை தோற்றுவிடும்.

வாதம் செய்கிறவரின் ராக்கெட்டைக் கொஞ்சம் வாங்கிப் பார்த்தால் விஷயம் வேறு. அதில் இருக்கும் ஸ்ட்ரிங் நாலு மாதத்துக்கு முன் போட்டது. நெடுக்கு ஸ்ட்ரிங் ஒன்றை விரலால் ஒதுக்கினால் ஒதுங்கும். ஒதுங்கிய இடத்திலேயே நின்றுவிடும். திரும்பி வராது. எதிராளியின் ராக்கெட்டும் அப்படித்தான். ஆக, நடப்பது இரண்டு பிணங்களில் எது அழகு என்கிற பட்டிமன்றம்.

பாலியெஸ்டர் ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடும்போது முதலில் கேட்கவேண்டியது பிராண்ட் பெயர் அல்ல, வயது. எத்தனை மணி நேரம் ஆடியது? எத்தனை பவுண்டில் போட்டது? எத்தனை மி.மீ. தடிமன்? இந்த மூன்றையும் சொல்லாமல் 'இது சூப்பர், அது வேஸ்ட்' என்று சொல்வது வெட்டிப் பேச்சு. வெட்டிப் பேச்சோடு போனால் பரவாயில்லை. அதை நம்பி ஸ்ட்ரிங் போட்டுக்கொள்ளும் பதினாலு வயதுப் பையனின் முழங்கைதான் விலை கொடுக்கிறது.

கதை எங்கே ஆரம்பித்தது?

இங்குள்ள கடைகள் பலவற்றில் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவதை இன்றும் 'கட்' போடுவது என்றே சொல்கிறார்கள். கட் என்றால் குடல். மாட்டுக் குடலிலிருந்து செய்த ஸ்ட்ரிங்தான் பல தலைமுறைகளுக்கு உயர்ந்த சரக்கு. பிறகு நைலான் வந்தது. அதற்கும் பிறகு பாலியெஸ்டர். தண்ணீர் பாட்டிலும் கசங்காத சட்டையும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம்.

1997 பிரெஞ்சு ஓப்பனில் உலகத் தரவரிசையில் 66-ஆம் இடத்தில் இருந்த பிரேசில்காரர் குஸ்தாவோ குயெர்டன் பட்டம் வென்றார். அவர் ராக்கெட்டில் இருந்தது பெல்ஜியத்தின் லக்ஸிலான் செய்த பாலியெஸ்டர். உள்ளாடைகளுக்கும் இழை செய்து விற்கும் கம்பெனி அது. 2002-இல் ஆந்த்ரே அகாஸியும் பயிற்சியாளர் டேரன் கேஹில் சொன்னதன் பேரில் இந்தப் புது ஸ்ட்ரிங்குக்கு மாறி, ரோம் பட்டத்தை வென்றார். அதன்பின் சுற்றுலா ஆட்டக்காரர்கள் கிட்டத்தட்ட மொத்தமாக இந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

காரணம் மாயமில்லை. பாலியெஸ்டர் வழுவழுப்பானது, விறைப்பானது. மேல்சுழல் அடி அடிக்கும்போது பந்து நெடுக்கு ஸ்ட்ரிங்குகளைப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளுகிறது. வழுவழுப்பாக இருப்பதால் அவை குறுக்கு ஸ்ட்ரிங்குகளின் மேல் சறுக்கிப் போய், பந்து இன்னும் ராக்கெட்டில் இருக்கும்போதே பழைய இடத்துக்குத் துள்ளித் திரும்புகின்றன. பந்து ஸ்ட்ரிங்கைத் தொட்டிருப்பது ஏறக்குறைய 4, 5 மில்லி விநாடி. அதற்குள் நடக்கும் இந்தத் துள்ளல்தான் பந்துக்குக் கூடுதல் சுழற்சியைக் கொடுக்கிறது.

இந்தச் சறுக்கலுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பது 1977-லேயே தெரிந்துவிட்டது. அந்த வருடம் பிரான்சில் இலி நஸ்டாஸே 'ஸ்பகெட்டி' ராக்கெட் என்ற ஒன்றைக் கொண்டுவந்து கில்லெர்மோ விலாஸை நிலைகுலைய வைத்தார். ஸ்ட்ரிங்குகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னப்படாமல் தாராளமாகச் சறுக்கும் ராக்கெட் அது. விலாஸின் நீண்ட வெற்றித் தொடர் அங்கே அறுந்தது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு அந்த ராக்கெட்டுக்குத் தடை போட்டது. அன்று விதியை மீறிச் செய்ததில் ஒரு பங்கை இன்று பாலியெஸ்டர் விதிக்கு உட்பட்டே செய்கிறது.

இதில் கவனிக்கவேண்டிய சொல் ஒன்றுதான்: வழுவழுப்பு. அது இருக்கும்வரைதான் ஆட்டம்.

வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்.

ஆலு பவர் உருண்டையானது, விறைப்பானது. பந்து பட்டதும் 'டங்' என்று தெளிவாகப் பதில் சொல்லும். அடித்த இடத்துக்கு அடித்த வேகத்தில் போகும் என்ற நம்பிக்கையைத் தரும். ஆனால் அந்த முதல் நாள் தெளிவு வேகமாகக் கரைவதாக அதன் ரசிகர்களே புலம்புவதுண்டு.

2010-இல் வந்த ஆர்.பி.எம். பிளாஸ்ட் கறுப்பு, எட்டுப் பட்டை கொண்டது. புதிதாக இருக்கும்போது நன்றாகச் சறுக்கும். ஆலு பவர் அளவுக்குக் கூர்மையான சத்தம் கிடையாது. கொஞ்சம் அடங்கிய பதில்.

ஹைப்பர்-ஜி பச்சை நிறம், நாலு பட்டை. பந்தைக் கடித்துப் பிடிப்பது போல இருக்கிறது என்பார்கள். அதே கம்பெனியின் டூர் பைட்டும் நாலு பட்டைதான், இன்னும் விறைப்பு. பாலி டூர் புரோ உருண்டை. பாலியெஸ்டர்களில் மென்மையான பக்கத்தைச் சேர்ந்தது. கை வலிக்கிறது என்பவர்களுக்குக் கடைக்காரர் முதலில் காட்டுவது இந்த மாதிரியான ஒன்றைத்தான்.

இத்தனையும் உண்மை. ஆனால் இவை அனைத்தும் புது ஸ்ட்ரிங்கின் குணங்கள். பாலியெஸ்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: இழுத்துக் கட்டிய விறைப்பை அது வேகமாக விட்டுக்கொடுத்துவிடும். இந்த விஷயத்தில் மாட்டுக்குடல் கெட்டி, பாலியெஸ்டர் மோசம். கூடவே நெடுக்கும் குறுக்கும் சந்திக்கும் இடங்களில் பள்ளம் விழுகிறது. பள்ளம் விழுந்தால் சறுக்கல் இல்லை. சறுக்கல் இல்லையென்றால் துள்ளல் இல்லை. எட்டுப் பட்டையும் நாலு பட்டையும் தேய்ந்து, எல்லாம் ஒரே மாதிரி உயிரற்ற பிளாஸ்டிக் ஆகிவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் ஆர்.பி.எம்.முக்கும் ஆலு பவருக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, புது ஆர்.பி.எம்.முக்கும் பழைய ஆர்.பி.எம்.முக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிது.

'எனக்குக் கையில் தெரியும்' என்பவர்கள்

இவர்கள்தான் மெஜாரிட்டி. ஒரு பவுண்டு குறைந்தாலும் கையில் தெரியும் என்பார்கள்.

சிட்னி இயற்பியலாளர் ராட் கிராஸும் ஒரு சக ஆய்வாளரும் தேர்ச்சி பெற்ற ஆட்டக்காரர்களை வைத்து இதைச் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு ராக்கெட்டுகளுக்கும் இடையே 11 பவுண்டு டென்ஷன் வித்தியாசம் இருந்தும் பெரும்பாலோரால் எது இறுக்கம், எது தளர்வு என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. சோதிக்கப்பட்டவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டக்காரர்கள் அல்ல, நல்ல தரமான ஆட்டக்காரர்கள்.

ஆகவே 'ஃபீல்' என்று சொல்லப்படுவதில் காதுக்கும் கண்ணுக்கும் விலைச் சீட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று யோசிக்கவேண்டும். சத்தம் கூர்மையாக இருந்தால் ஸ்ட்ரிங் கூர்மையாக இருப்பதாக மனசு சொல்கிறது. கறுப்பு ஸ்ட்ரிங் என்றால் நடால் ஞாபகம் வருகிறது. இருநூறு ரூபாய் அதிகம் கொடுத்திருந்தால் நிச்சயம் சுழற்சி அதிகமாகத்தான் தெரியும் :-)

சாம்பியன்களைக் காட்டி ஏமாறுவது

நடால் ஆர்.பி.எம். பிளாஸ்டை 55 பவுண்டு அளவில் போட்டுக்கொண்டார். உண்மை. அதைப் பார்த்து 55 பவுண்டில் போட்டுக்கொள்ளும் மாணவர்கள் இன்னொரு உண்மையை வசதியாக மறந்துவிடுகிறார்கள். இந்த மட்டத்து ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிதாக ஸ்ட்ரிங் போட்ட பல ராக்கெட்டுகளோடு வருகிறார்கள். முதலில் 7 கேம், பிறகு 9 கேமுக்கு ஒருமுறை பந்து மாறும்போது பலர் ராக்கெட்டையும் மாற்றுகிறார்கள். செத்த பாலியெஸ்டர் எப்படி இருக்கும் என்பதே அவர்களுக்கு ஏறக்குறைய மறந்துபோயிருக்கும்.

ஆலு பவர் ரசிகர்கள் ஃபெடரரையும் ஜோகோவிச்சையும் இழுப்பார்கள். அவர்கள் பெயர் பெற்றது ஆலு பவர் ரஃப் ஸ்ட்ரிங்கைக் குறுக்கில் மட்டும் போட்டுக்கொண்டதற்கு. நெடுக்கில் இருந்தது மாட்டுக்குடல். விளம்பரத்தைப் பார்த்து முழு ராக்கெட்டுக்கும் பாலியெஸ்டர் போட்டுக்கொள்பவர், அந்தச் சாம்பியன்கள் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்ட பாதுகாப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

விறைப்பு வரிசையில் மாட்டுக்குடல் மென்மை, அடுத்தது நைலான், அதற்கும் மேலே பாலியெஸ்டர். விறைப்பு கூடினால் பந்து மோதும் கணத்தில் கைக்குப் போகும் உச்ச விசையும் கூடும். முழங்கை வலிக்கு அடிக்கும் முறை, பிடி, ஓய்வின்மை என்று பல காரணங்கள் உண்டு. எல்லாப் பழியையும் ஸ்ட்ரிங் மேல் போடக்கூடாது. ஆனால் ஒரு விஷச் சுழல் கண்ணெதிரே நடக்கிறது. ஸ்ட்ரிங் தளர்ந்ததும் பந்து எல்லை தாண்டிப் போகிறது. ஆட்டக்காரர் கோபத்தில் அடுத்த முறை இரண்டு பவுண்டு ஏற்றிப் போடச் சொல்கிறார். அதுவும் தளர்கிறது. மறுபடி ஏற்றுகிறார். டென்ஷன் ராக்கெட்டில் ஏறி, கடைசியில் கையில் இறங்குகிறது. தேவைப்பட்டது இரண்டு பவுண்டு அல்ல, ஒரு கத்தரிக்கோல்.

'ஆனா அறுக்கவே இல்லையே!'

எதிர்த்தரப்பின் பெரிய வாதம் இதுதான். நைலான் சீக்கிரம் அறுந்துவிடுகிறது, பாலியெஸ்டர் மாதக்கணக்கில் வருகிறது, மாணவன் கையில் காசு ஏது?

காசு பிரச்சினை உண்மையானது. ஆனால் அறுகாமல் இருப்பதும் உயிரோடு இருப்பதும் ஒன்றல்ல. நைலான் தன் சாவை அறுந்து அறிவித்துவிடுகிறது. பாலியெஸ்டர் செத்த பிறகும் கட்டிலில் அப்படியே படுத்திருக்கிறது. வீட்டுக்காரர்கள்தான் இன்னும் தூங்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நைலானை வாரம் ஒருமுறை அறுக்கும் அளவுக்கு வேகமும் சுழற்சியும் உள்ளவருக்குப் பாலியெஸ்டர் நியாயமான தேர்வு. யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதமாக நைலானை அறுக்காதவர், பாலியெஸ்டரில் எதைத் தேடுகிறார்? ஸ்ட்ரிங்கைச் சறுக்கவைக்கும் வேகமே கையில் இல்லாதபோது அவருக்குக் கிடைப்பது விறைப்பு மட்டும்தான். மட்டை தூக்கப் பழகும் சிறுவனுக்கு முழுப் பாலியெஸ்டர் போட்டுக் கொடுக்கும் பயிற்சியாளர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும்.

சரி, என்னதான் செய்வது?

1. நைலானை அடிக்கடி அறுக்காதவர்கள் நைலானிலேயே இருக்கலாம். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

2. பாலியெஸ்டர்தான் வேண்டும் என்பவர்கள் நெடுக்கில் அதையும் குறுக்கில் நைலானையும் போட்டுப் பார்க்கலாம். டென்ஷனைச் சில பவுண்டு குறைக்கலாம்.

3. ஆடிய மணி நேரத்தைக் குறித்து வைக்கவேண்டும். பத்து முதல் இருபது மணி நேரத்துக்குள் பாலியெஸ்டரின் ஆயுள் முடிந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஒதுக்கிய ஸ்ட்ரிங் திரும்பி வரவில்லையென்றால் கணக்கே வேண்டாம், வெட்டிவிடலாம்.

4. விலை உயர்ந்த ஒரு செட்டை நாலு மாதம் ஓட்டுவதைவிட, சாதாரண விலையில் 200 மீட்டர் ரீல் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்குவது மேல். ஒரு ராக்கெட்டுக்கு ஏறக்குறைய 12 மீட்டர். 16 ராக்கெட்டுக்கு வரும். மலிவான புதுப் பாலியெஸ்டர், பெயர் பெற்ற பழைய பாலியெஸ்டரை எந்த நாளும் ஜெயிக்கும்.

5. உண்மையிலேயே ஒப்பிட ஆசை இருந்தால்: ஒரே மாதிரி இரண்டு ராக்கெட், ஒரே தடிமன், ஒரே டென்ஷன், ஒரே நாளில் ஒரே ஆள் போட்ட ஸ்ட்ரிங். புதிதாக ஒருமுறை, ஐந்து மணி நேரம் கழித்து ஒருமுறை, பத்து மணி நேரம் கழித்து ஒருமுறை. நிறம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதால் ராக்கெட்டைப் பார்க்காமல் வாங்கி அடிக்கவேண்டும். கஷ்டம்தான். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

அதுவரை கோர்ட் ஓரத்து வாக்குவாதம் தொடரட்டும். பேச ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் தங்கள் ராக்கெட்டில் ஒரே ஒரு ஸ்ட்ரிங்கை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டுப் பேசினால் போதும். பாதிப் பேர் பேசாமல் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.