உள்ளே வர உரிமை உள்ளவர்

சான் ஹொசே நகரத்தில் வி.டி.ஏ. போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு ரயில் பணிமனை உண்டு. ஊருக்குள் ஓடும் இலகு ரயில்களை நிறுத்தி, பழுது பார்த்து, விடிகாலையில் அனுப்பிவைக்கும் டிப்போ. அதை ஒட்டியே மாவட்ட ஷெரீஃபின் தலைமை அலுவலகம். போலீஸுக்கு இத்தனை பக்கத்தில் இருக்கும் வேலையிடம் கலிஃபோர்னியாவில் அதிகம் இருக்காது. 2021 மே 26, காலை ஆறரை மணிவாக்கில் அங்கே சுடத் தொடங்கிய சத்தம் கேட்டு, காவலர்கள் சில நிமிடங்களில் உள்ளே போய்விட்டார்கள். ஆனால் அந்தச் சில நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒன்பது ஊழியர்கள் பலி. போலீஸ் நெருங்கியதும் சுட்டவன் தன்னையே சுட்டுக்கொண்டான். அவனிடம் மூன்று கைத்துப்பாக்கிகளும் 32 மேகசின்களும் இருந்தன. அவன் வேலி தாண்டவில்லை, பூட்டை உடைக்கவில்லை. அதே கழகத்தில் இருபது ஆண்டுகளாக வேலை பார்த்தவன். ஊழியன் என்கிற உரிமையோடு உள்ளே போனான்.

இப்படி ஒன்று நடந்ததும், "எங்கள் கருவி இருந்திருந்தால்..." என்று ஆரம்பிக்கிற விளம்பரங்கள் வரிசைகட்டும். கையில் துப்பாக்கி தெரிந்தால் கண்டுபிடித்து எச்சரிக்கும் ஏ.ஐ. கேமரா. நின்று பையைத் திறக்காமல் நடந்தபடியே கடந்து போகக்கூடிய ஸ்கேனர். வெடிச் சத்தத்தையும் துப்பாக்கி முனையில் மின்னும் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்து, எந்தத் தளத்தில் எந்த அறையில் என்று சொல்லிவிடும் கூரை சென்சார். கழுத்தில் தொங்கும் பேட்ஜிலேயே ஓர் அவசரப் பொத்தான். இவற்றைக் கேலி செய்வதற்கில்லை. துப்பாக்கிச்சூடு தொடங்கியபின் ஒவ்வொரு நொடியும் உயிர்தான். மூன்றாம் தளத்தில் என்ன நடக்கிறது என்பது முப்பதாம் தளத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்தால் அவர் கதவைத் தாழிட்டுக்கொள்வார். என் சந்தேகம் வேறு. இவையெல்லாம் "தடுப்பு" என்ற பெயரில்தான் விற்கப்படுகின்றன.

தடுத்த லட்சணத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 2024ல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் ஒரு மாதம் இந்த நடந்து கடக்கும் ஸ்கேனரை வைத்துப் பார்த்தார்கள். 2,749 முறை சோதனை. 118 முறை ஒன்றுமில்லாததற்கு அலறியது. 12 கத்திகள் அகப்பட்டன. துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. 2025 ஜனவரியில் நாஷ்வில் பள்ளி ஒன்றில் ஏ.ஐ. கேமரா இருந்தும், மாணவன் கொண்டுவந்த துப்பாக்கி அதன் கண்ணில் படவில்லை. அவன் நின்ற இடம் கேமராவுக்குத் தோதாக இல்லையாம். அதே ஆண்டு அக்டோபரில் பால்டிமோர் அருகே ஒரு பள்ளி மாணவன் சிப்ஸ் தின்று முடித்துப் பாக்கெட்டை வைத்திருக்க, கேமரா அதைத் துப்பாக்கி என்று நினைத்துவிட்டது. போலீஸ் வந்து பையனை மண்டியிட வைத்து விலங்கு போட்டது. டோரிட்டோஸ் பாக்கெட்.

மூவாயிரம் பேர் வேலைக்கு வரும் ஓர் அலுவலகத்தின் வாசலில் அந்த நியூயார்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் சுமார் நூற்று முப்பது பேருடைய பையைத் திறந்து பார்க்க வேண்டும். முதல் வாரம் பார்ப்பார்கள். மூன்றாவது வாரம் அந்தக் காவலாளி, "போங்க சார், போங்க" என்று கையசைக்கத் தொடங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

சரி, தப்பே செய்யாத கருவி ஒன்று வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வாசல் மட்டும் போதாது. 1988ல் சன்னிவேலில் ஈ.எஸ்.எல். என்று ஒரு நிறுவனம் இருந்தது. ராணுவத்துக்கு மின்னணுக் கருவிகள் செய்துகொடுத்த இடம். ஈ நுழைய முடியாத கட்டுக்காவல் என்பார்களே, அந்த வகை. அங்கே வேலை பார்த்த ஒருவன், கூட வேலை பார்த்த பெண்ணை நான்கு ஆண்டுகள் விடாமல் தொல்லை செய்தான். 1986ல் நிறுவனம் அவனை வேலையைவிட்டு நீக்கியது. தொல்லை நிற்கவில்லை. அந்தப் பெண் நீதிமன்றம் போய் 1988 பிப்ரவரி 2 அன்று இடைக்காலத் தடை உத்தரவு வாங்கினார். முழு விசாரணை பிப்ரவரி 17 என்று குறித்தார்கள். இடையில் அவன் கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு துப்பாக்கியும் ஏராளமான தோட்டாவும் வாங்கினான். யாரும் கேட்கவில்லை. பிப்ரவரி 16 மதியம் வந்து, பூட்டியிருந்த கண்ணாடிக் கதவைச் சுட்டு உடைத்து உள்ளே போனான். ஏழு பேர் செத்தார்கள். அந்தப் பெண் பலத்த காயத்தோடு பிழைத்தார்.

அந்தக் கதவு செய்ய வேண்டியதைச் செய்துதான் இருந்தது, பூட்டியிருந்தது. தவறிய இடம் துப்பாக்கிக் கடை. ஆபத்தானவன் என்று நீதிமன்றத்தில் ஒரு காகிதம் இருந்தது, அது கடைக்காரர் வரை போகவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, பின்தொடர்ந்து தொல்லை செய்வதைக் குற்றமாக்கும் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதலாவதாகக் கலிஃபோர்னியா கொண்டுவந்தது. இன்று இந்த மாகாணத்தில் அப்படி ஒரு தடை உத்தரவு வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும், புதிதாக வாங்கவும் முடியாது. இந்த மாதிரிச் சட்டங்களுக்குப் பலன் இல்லை என்று சொல்பவர்கள் கணக்கைப் பார்க்கலாம். 2022ல் லட்சம் பேருக்குத் துப்பாக்கியால் இறந்தவர்கள் நாடு முழுவதும் சுமார் 14. கலிஃபோர்னியாவில் சுமார் 9.

சான் ஹொசேக்குத் திரும்புவோம். அந்த ஆள் 2016ல் பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பியபோது விமான நிலையத்தில் சுங்க அதிகாரிகள் நிறுத்தி விசாரித்திருக்கிறார்கள். பையில் பயங்கரவாதம் பற்றிய புத்தகங்கள். கூடவே, தன் அலுவலகத்தை எவ்வளவு வெறுக்கிறேன் என்று எழுதி நிரப்பிய குறிப்புகள். அதிகாரிகள் அதைப் பதிவு செய்துகொண்டார்கள். பதிவு அங்கேயே தங்கிவிட்டது. உள்ளூர் போலீஸுக்கு வரவில்லை. 2020ல், அவனைக் கண்டால் பயமாக இருக்கிறது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னது வி.டி.ஏ. நிர்வாகத்தின் கோப்பில் ஏறியது. அதுவும் அங்கேயே தங்கிவிட்டது. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் படித்த ஒரு மனிதர் இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும். அப்படி ஒருவர் இருந்திருந்தாலும் ஒன்பது பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஸ்கேனர் விற்பவரும் அந்தச் சத்தியத்தைச் செய்ய முடியாது, அவர் மட்டும் காசு கேட்கிறார்.

எங்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கில் பேட்ஜ் என்ற கருவி உண்மையில் எப்போது சுறுசுறுப்பாக வேலை செய்கிறது தெரியுமா? ஆள்குறைப்பின்போது. 2022 நவம்பரில் ட்விட்டர் பாதிப் பேரை அனுப்பியபோது, எல்லோருடைய பாதுகாப்பையும் முன்னிட்டு அலுவலகங்கள் மூடப்படும், பேட்ஜ் எதுவும் வேலை செய்யாது என்று முந்தைய நாளே மின்னஞ்சல் அனுப்பியது. இரண்டு மாதம் கழித்துக் கூகுள் 12,000 பேரை நீக்கியபோது, வாசலில் பேட்ஜ் பச்சை காட்டுகிறதா சிவப்பு காட்டுகிறதா என்று பார்த்துத்தான் தங்கள் கதி என்ன என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு. பதினைந்து ஆண்டு உழைத்தவரை இரவோடு இரவாக அந்நியராக்குவதற்கு நம்மிடம் அருமையான தொழில்நுட்பம் இருக்கிறது. அப்படி ஆனவர் அன்று மாலை எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க எந்தக் கருவியும் இல்லை.

இந்தக் கருவிகள் எட்டிப் பார்க்காத இடங்களும் இதே மாகாணத்தில்தான் இருக்கின்றன. 2023 ஜனவரி 23, ஹாஃப் மூன் பே. காளான் பண்ணையில் வேலை செய்த 66 வயதுக்காரர் அங்கே நாலு பேரையும், முன்பு வேலை பார்த்த இன்னொரு பண்ணைக்குப் போய் மூன்று பேரையும் சுட்டுக் கொன்றுவிட்டு, ஷெரீஃப் நிலையத்தின் வாகன நிறுத்தத்தில் காரில் உட்கார்ந்திருந்தார். ஒரு ஃபோர்க்லிஃப்ட் மோதியதற்கு 100 டாலர் கட்டச் சொன்னது அவரை ஆத்திரப்படுத்தியதாக அரசுத் தரப்பு சொன்னது. அவர் குடியிருந்ததே பண்ணைக்குள். அங்கே எந்த வாசலில் எந்த ஸ்கேனரை வைப்பது?

சான் ஹொசே சம்பவத்துக்குப் பிறகு அந்த ஊர்க்காரரான மாகாணச் செனட்டர் டேவ் கோர்டெசி கொண்டுவந்த எஸ்.பி. 553 என்ற சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் வன்முறைத் தடுப்புத் திட்டம் ஒன்றை எழுதி வைக்க வேண்டும். மிரட்டல் உட்பட ஒவ்வொரு சம்பவத்தையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், ஆண்டுதோறும் ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். எனக்குப் பிடித்த விஷயம், கேமரா வை, ஸ்கேனர் வை என்று அது கட்டளையிடவில்லை. பேசு, எழுது, பதிந்து வை என்கிறது. கடைக்காரர்கள் சங்கம் எதிர்த்ததால், திருடனைப் பிடிக்கச் சொல்லி ஊழியரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பகுதி மட்டும் நடுவழியில் கழன்றுகொண்டது.

அந்தப் பயிற்சியில் நானும் உட்கார்ந்தேன். திரையில் ஒரு கேள்வி: உங்கள் சக ஊழியர், "இவங்க எல்லாம் ஒருநாள் அனுபவிப்பாங்க" என்று முணுமுணுக்கிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? நான்கு விடைகள். சரியான விடை எதுவென்று குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் அதையே அழுத்தினோம். இடைவேளையில் காபி மெஷின் பக்கத்தில் மதுரைக்கார நண்பர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏங்க, நிஜமாவே போய்ச் சொல்லுவீங்களா?"

"ஏன், சொல்ல மாட்டீங்களா?"

"போட்டுக்கொடுத்த மாதிரி ஆயிடாது? அவனும் ஹெச்-1பி விசாவுல இருந்தா? வேலை போனா அறுபது நாள்தான். ஏதோ கோவத்துல சொன்னதுக்கு, பிள்ளைகுட்டியோட ஊரைக் காலி பண்ணணும்."

அவர் சொன்னதில் ஈரம் இருக்கிறது. நியாயமும் இருக்கிறது. சொன்னால் அடுத்த நிமிடம் வேலை போகும் என்றால் நல்ல மனிதர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். ஆபத்தானவனும் வேலையை இழந்து, துப்பாக்கியை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பான். ஈ.எஸ்.எல்.லில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

இதற்கு நடுவில் ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. வேலையைத் தொடாமல் துப்பாக்கியை மட்டும் தொடுகிற வழி. 2016 முதல் கலிஃபோர்னியாவில், ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து என்று நீதிபதியை நம்பவைத்தால், அவரிடமிருந்து துப்பாக்கிகளைத் தற்காலிகமாக வாங்கிவைக்க உத்தரவு பெறலாம். முதலில் 21 நாள். விசாரணைக்குப் பின் ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை. கட்டணம் கிடையாது, குற்றவழக்கும் ஆகாது. டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல், கூட்டமாகச் சுட்டுக்கொல்வேன் என்று மிரட்டியவர்கள்மீது இந்த உத்தரவு பாய்ந்த 21 நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். அதில் கார் விற்பனை நிலைய ஊழியர் ஒருவரும் உண்டு. வேலையைவிட்டு எடுத்தால் சுடுவேன் என்றவர் அவர். மேலாளர் போலீஸில் சொன்னார். அந்த 21ல் ஒன்றும் நடக்கவில்லை. உத்தரவால்தான் நடக்கவில்லை என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை, அது நேர்மை. ஆனாலும் நான் அந்த 21ஐ எந்த ஸ்கேனர் கணக்குக்கும் மேலாக வைப்பேன்.

2020 செப்டம்பர் முதல் முதலாளியும் சக ஊழியரும்கூட இதற்கு மனு போடலாம். ஆனால் மனுக்களில் மிகப் பெரும்பாலானவை இன்றும் போலீஸ் போடுபவைதான். சக ஊழியர் போடுவதென்றால் அந்த ஆளோடு நெடுநாள் பழகியிருக்க வேண்டும். கூடவே நிர்வாகத்தின் ஒப்புதலும் வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையைச் சேர்த்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் ஒருமுறை பார்க்க ஆசை.

பயிற்சியின் முடிவில் நான் கையைத் தூக்கி, நம் கம்பெனியில் அந்த ஒப்புதலை யாரிடம் கேட்பது என்றேன். ஹெச்.ஆர். பெண்மணிக்கு அப்படி ஓர் உத்தரவு இருப்பதே புதுச் செய்தி. விசாரித்துச் சொல்கிறேன் என்று குறித்துக்கொண்டார். பிறகு புதிய கேமராக்கள் அடுத்த காலாண்டில் வருகின்றன என்று அறிவித்தார், இரண்டு பேர் கைதட்டினார்கள்.