தொண்டும் வேதனமும்

விழா மலரிலே பழைய நினைவுகளை மீட்டு மகிழ்வதோடு அமையாது, எம்மை எதிர்நோக்கி நிற்கும் வினாவொன்றையும் ஆராய்தல் தகும். ஊர்ச் சங்கங்களை நடத்தும் தொண்டர்க்கு வேதனம் அளிக்கலாமா என்பதே அவ்வினா.

சிலாபம் முதற் கற்பிட்டி வரையுள்ள எமது கரையோரத்திலே ஆலய பரிபாலன சபை, மீனவர் கூட்டுறவுச் சங்கம், மரணாதார சங்கம், பழைய மாணவர் சங்கம் எனப் பல உள. அவற்றுட் பெரும்பாலானவற்றின் பாரம் கௌரவ காரியதரிசி ஒருவரின் தோளிலேயே தங்கியிருக்கின்றது.

தொண்டுக்குக் கூலியா என வெகுள்வோர் கூற்றிலும் உண்மையுண்டு. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஆயிரமாயிரமாகப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து சேர்ந்தபோது, இங்குள்ளோர் கூலி பேசியா உணவும் உறைவிடமும் ஈந்தனர்? ஆயினும், அம்மக்களின் அகதி வாழ்வு ஆண்டுக்கணக்கில் நீண்டது. ஆபத்து வேளைக்கு அன்பு போதும். ஆண்டுக்கணக்கான கருமத்துக்கோ அன்போடு ஆளும் நேரமும் வேண்டும்.

வேதனம் அளிப்போர் அறியவேண்டிய பாடமும் ஒன்றுண்டு. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன, மாணவரோடு கனத்தொலுவைக் கிராமத்திற் புரிந்த சிரமதானமே சர்வோதய இயக்கத்தின் வித்து. இயக்கம் ஆயிரக்கணக்கான கிராமங்களிற் பரவியபோது சம்பள ஊழியரும் பெருகினர். 1990களில் வெளிநாட்டு உதவி சுருங்கவே, ஊழியரைக் குறைக்க நேர்ந்தது. வேதனம் தீதன்று, பிறர் பணத்தை நம்பிய வேதனமே நிலையற்றது.

வேதனமற்ற பதவியை யார் ஏற்க இயலும்? மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ உடையவரே. அன்றாடம் கடலை நம்பி வாழும் ஒருவர் சங்க அலுவலாகக் கந்தோருக்குச் சென்றால், அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே, தியாகம் என நாம் போற்றுவது ஏழையை நிருவாகத்தினின்றும் விலக்கும் வேலியாகவும் ஆகிவிடுகின்றது.

எம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். நாம் அறிந்த காரியதரிசி ஒருவர் பஸ் கட்டணத்தையும் முத்திரைச் செலவையும் பல்லாண்டு தம் பையிலிருந்தே கொடுத்தார். நாம் அவருக்கு மாலை சூட்டினோம்; செலவு எவ்வளவு என ஒருநாளேனும் கேட்டோமில்லை. ஈற்றில் அவர் மௌனமாக விலகினார்.

உடப்புக் கரையிலே கரைவலை இழுப்போரைக் காண்க. செலவு நீக்கிய வருவாயில் வலையுடையவருக்கும் வலை இழுத்தவருக்கும் பங்குண்டு. பங்கு பெறுவதால் எவரும் தம்மை இழிந்தவராக எண்ணுவதில்லை. பங்கை மறைத்தாலே பூசல் விளையும்.

ஆதலின் எமது கருத்து இது. தலைவர், காரியதரிசி, தனாதிகாரி ஆகியோர் பதவிகள் கௌரவப் பதவிகளாகவே இருக்கட்டும். முடிவு செய்வோர் தமக்கே சம்பளம் விதித்துக்கொள்ளல் ஆகாது. ஆனால், அவர்தம் பிரயாணச் செலவையும், அன்றாட உழைப்பாளியாயின் இழந்த நாட்கூலியையும் சங்கம் கொடுத்தல் வேண்டும். கணக்கெழுதல் போன்ற நாளாந்த வேலைக்குச் சிறு வேதனம் வகுக்கலாம். தொகையை ஆண்டுப் பொதுக்கூட்டமே நிருணயிக்கட்டும். அது அங்கத்தவர் சந்தாவிலிருந்தே வருக. கணக்கு யாவரும் காண வாசிக்கப்படுக.

தொண்டரின் மனம் விலைக்குரியதன்று. அவர் வீட்டு அரிசியோ விலை கொடுத்தே வாங்கப்படுகின்றது. இவ்விரண்டையும் மறவாத சங்கமே நிலைபெறும்.