பலாப்பழத்தை வெட்டாமலே சுளையை எண்ண முடியுமா? சிரிக்க வைக்கும் கணக்கு!

வடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில், சீசன் நேரத்தில் சாலையோரம் பலாப்பழம் குவிந்து கிடக்கும். பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் குழந்தைகள் கேட்கும் முதல் கேள்வி, "உள்ளே எத்தனை சுளை இருக்கும்?"

காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்' என்ற பழைய நூல் இதற்கு வெண்பாவிலேயே வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணுங்கள்; ஆறால் பெருக்கி ஐந்தால் வகுங்கள். முள் 100 என்றால் சுளை 120. அவ்வளவுதான்!

பலிக்குமா? பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும். சேராதது வெறும் சடையாகிவிடும். அதனால் பழத்துக்குப் பழம் விடை மாறும். வகுப்பறையில் இந்தக் கணக்கின் ருசியே அங்கேதான். "வெட்டிப் பார்த்துடலாம் சார்!" என்று கடைசி பெஞ்ச்தான் முதலில் எழுந்து நிற்கும். விடை தப்பினால் பழி பழத்துக்கு, பையனுக்கு இல்லை. 'மக்கு' என்ற சொல்லுக்குப் பயந்தே வாய் திறக்காத பிள்ளைக்கு இது பெரிய விஷயம். ஒரு மாணவரைப் பார்த்து வகுப்பே சிரிப்பது நகைச்சுவையில் சேராது.

அதே நூல் வட்டத்தின் பரப்புக்கும் வழி சொல்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்க வேண்டும். சுற்றளவு 44, விட்டம் 14 என்றால் 22 × 7 = 154. இது பலா மாதிரி இல்லை, எந்த வட்டத்திலும் தப்பாது!

கணக்கைப் பாட்டாக்கிச் சிரிக்க வைத்தவர்களில் அமெரிக்காவின் டாம் லேரர் பெரிய பெயர். ஹார்வர்டில் கணிதம் படித்து, கல்லூரிகளில் பாடம் நடத்தியவர். பியானோ வாசித்தபடி கேலிப் பாடல்களும் பாடுவார். 1965-ல் வெளிவந்த 'நியூ மேத்' பாட்டில் 342-லிருந்து 173-ஐக் கழித்துக் காட்டுவார். விடை 169. பிறகு அதே கணக்கை எட்டடிமான எண்களில் போட்டு 147 என்பார். புதுப் பாடமுறை புரியாமல் விழித்த பெற்றோருக்காகவே எழுதிய கிண்டல் அது. 2020-ல் தன் பாடல்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுக்கொடுத்தார். 2025 ஜூலையில், 97 வயதில் காலமானார்.

அந்தக் கழித்தலுக்கு நம்மிடம் இன்னும் வேடிக்கையான பெயர் உண்டு: 'கடன் வாங்கிக் கழித்தல்'. பக்கத்து இலக்கத்திடம் ஒன்று வாங்குகிறோம், திருப்பிக் கொடுப்பதே இல்லை! "அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?" என்று உங்கள் வீட்டு வாண்டு கேட்டால் அதட்டாதீர்கள். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து, ஒரு ரூபாய் நாணயங்களாகச் சில்லறை மாற்றிக் காட்டுங்கள். அங்கே நடப்பது அதுதான்.