மூலிகையை மதிப்போம், சோதித்து ஏற்போம்

மெர்சிங் மாவட்டத்தில் மூலிகைகளுக்குக் குறைவில்லை. எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் நுழைவாயில்களுள் ஒன்றான கம்போங் பெத்தா இம்மாவட்டத்தில்தான் உள்ளது. அங்கு வாழும் ஜக்கூன் பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டு மூலிகைகளை அறிந்தவர்கள். ‘மிசாய் கூச்சிங்’ எனப்படும் பூனை மீசைச் செடியை வீட்டு வேலியோரத்தில் வளர்ப்போரும் உண்டு. அதன் இலைகளைக் காயவைத்துத் தேநீராகக் குடிப்பது நம் நாட்டுப் பழக்கம்.

இச்செடி புற்றுநோயைத் தீர்க்கும் என்னும் செய்தி இப்போது புலனத்தில் உலவுகிறது. இதை அப்படியே நம்பலாமா?

புற்றுக்கட்டி வளர உணவும் உயிர்வளியும் வேண்டும். புதிய இரத்தக் குழாய்கள் உருவாகாவிட்டால், கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. 1971ஆம் ஆண்டு அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் இக்கருத்தை முன்வைத்தார். அதன் பிறகு, இரத்தக் குழாய்களை உருவாக்கும் உயிரணுக்களைத் தடுக்கும் பொருள்களை ஆய்வாளர்கள் தேடத் தொடங்கினர். பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனை மீசையின் சாற்றைச் சோதித்தனர். ஆய்வுக்கூடத்தில் அச்சாறு அவ்வுயிரணுக்களின் வளர்ச்சியைத் தடுத்தது; எலிகளின் உடலிலும் கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

இது பெருமைக்குரிய தொடக்கம். எனினும், தொடக்கத்தையே முடிவாகக் கொள்ளக்கூடாது என்பது என் கருத்து. ஆய்வுக்கூடத்தில் சாறு உயிரணுவை நேரடியாகத் தொடுகிறது. நாம் குடிக்கும் தேநீரோ குடலையும் கல்லீரலையும் கடந்தே இரத்தத்தை அடைய வேண்டும். அதில் எவ்வளவு பொருள் எஞ்சும் என்பதை மனிதரிடம் சோதித்தே அறிய முடியும். மேலும், புண் ஆறுவதற்கும் கருவில் குழந்தை வளர்வதற்கும் புதிய இரத்தக் குழாய்கள் தேவை. கட்டியைத் தடுக்கும் பொருள் இவற்றையும் தடுக்கலாம் அல்லவா?

நித்தியகல்யாணிச் செடி இதற்கு நல்ல சான்று. அதிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் என்னும் மருந்துக்கு 1963ஆம் ஆண்டு அமெரிக்கா அங்கீகாரம் அளித்தது. இன்றும் அது இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளைக் காக்க உதவுகிறது. ஆனால், அச்செடியை அப்படியே உண்டால் அது நஞ்சு. பொருளைப் பிரித்து, அளவறிந்து, ஊசிவழி செலுத்தியதால்தான் அது மருந்தாயிற்று.

மெர்சிங்கிலிருந்து ஜொகூர் பாரு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சிகிச்சைக்காக அவ்வளவு தூரம் அலைவதைவிட வீட்டு மூலிகையே போதும் என்று நோயாளி எண்ணுவது இயல்பே. அவ்வாறு கழியும் மாதங்களில் குணப்படுத்தக்கூடிய நோயும் முற்றிவிடும். புற்றுநோயைத் தீர்ப்பதாகப் பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதும் இத்தகைய ஆபத்தைத் தவிர்க்கவே.

ஆகவே, மூலிகை அருந்துவோர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும். அரசாங்கம் மூலிகை ஆய்வுகளை மனிதச் சோதனை வரை கொண்டுசெல்ல உதவ வேண்டும். மாணவர்களாகிய நாமும், “இது எங்கே, யாரிடம் சோதிக்கப்பட்டது?” என்று கேட்ட பிறகே ஒரு செய்தியைப் பிறருக்கு அனுப்ப வேண்டும். இக்கேள்வி மூலிகைக்கு இழுக்கன்று. நோயாளியின் உயிருக்குக் காப்பாகும்.