கேம் சென்சாரும் கண்டுபிடிக்கிற கூலியும்

கல்வராயன் மலையில் இருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரிக்கு அவசரம் சும்மா வருவதில்லை. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுக்க ஆரம்பித்துவிடும். சேகோ ஆலையில் எடையோடு மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்றும் பார்த்துத்தான் விலை போடுவார்கள். கச்சிராயப்பாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளுக்குப் போகும் கரும்பும் அப்படித்தான், வெட்டிப் போட்டு நாளாக நாளாக எடையும் சர்க்கரையும் இறங்கும்.

இப்போது ஒரு வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பிஎஸ்-6 லாரி. வெள்ளிமலையில் லோடு ஏற்றி, இறங்குகிற வழியில் டீ குடிக்க நிறுத்துகிறார்கள். திரும்பி வந்து சாவியைப் போட்டால் செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. கள்ளக்குறிச்சி வந்து ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டினால் 'கேம்ஷாஃப்ட் பொசிஷன் சென்சார்' என்று வருகிறது. "சென்சார் போச்சுண்ணே, மாத்திடலாம்." மாற்றுகிறார்கள். வண்டி போகிறது. நாலு நாள் கழித்து மறுபடி அதே இடம், அதே டீக்கடை :-)

இதில் மெக்கானிக்கைத் திட்டுவது ரொம்ப சுலபம். 'இந்தக் காலத்து ஆளுங்களுக்கு மாத்தத்தான் தெரியும், பார்க்கத் தெரியாது' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

முதலில் அந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் பக்கம் இருக்கும் சென்சார் பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்று சொல்லும். (பல என்ஜின்களில் அந்தச் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், 58 பல்தான் இருக்கும். காலியாக இருக்கும் இரண்டு பல் இடம்தான் அடையாளம்.) ஆனால் மேலே வந்த பிஸ்டன் காற்றை அழுத்திக்கொண்டு வந்ததா, புகையை வெளியே தள்ளிக்கொண்டு வந்ததா? அது கிராங்குக்குத் தெரியாது. கேம் சென்சார்தான் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் இசிஎம் டீசலை எந்த சிலிண்டரில் அடிப்பது என்று முடிவு செய்யும். அதனால்தான் ஓடுகிற வண்டியில் கேம் சிக்னல் போனால் பல என்ஜின்கள் கிராங்க் சிக்னலை வைத்துக்கொண்டே ஓடிவிடும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யும்போதுதான் மாட்டும்.

பழைய லாரிகளில் இந்தத் தலைவலியே கிடையாது. பம்ப் கியரோடு பூட்டியிருக்கும், டைமிங் கியரில் இருந்தது. 2017 ஏப்ரலில் நாடு முழுக்க பிஎஸ்-4 வந்தபோதுகூட அசோக் லேலண்ட் இன்லைன் பம்பை விடாமல் ஐஇஜிஆர் என்று ஒரு வழி கண்டுபிடித்து ஓட்டியது. பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்த பம்ப் என்பதும் அன்றைக்கு ஒரு பெரிய பிளஸ் பாயிண்ட். 2020 ஏப்ரல் 1 பிஎஸ்-6 வந்ததும் அந்தக் கதை முடிந்தது.

சரி, ஸ்கேனர் சொன்னது என்ன? பி0340 என்ற எண்ணுக்கு அர்த்தம் 'கேம் சென்சார் கெட்டுவிட்டது' என்பதல்ல, 'கேம் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு' என்பது. சர்க்யூட் என்றால் சென்சார், கப்ளர், மூன்று வயர், இசிஎம் எல்லாம் சேர்ந்தது. பெரிய வண்டிகளில் எஸ்பிஎன் 723 என்று வரும். பக்கத்திலேயே எஃப்எம்ஐ என்று இன்னொரு எண் நிற்கும். அந்த இரண்டாவது எண்தான் விஷயமே. 2 என்றால் சிக்னல் தாறுமாறாக வருகிறது. 3 என்றால் வோல்டேஜ் இருக்க வேண்டியதைவிட மேலே. 4 என்றால் கீழே. 5 என்றால் வயர் அறுந்த மாதிரி. நிறையப் பேர் முதல் எண்ணைப் பார்த்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு போன் போட்டுவிடுகிறார்கள்.

ஹால் டைப் சென்சாராக இருந்தால் மூன்று வயர். ஒன்றில் சப்ளை (பெரும்பாலும் 5 வோல்ட்), ஒன்று எர்த், ஒன்று சிக்னல். கப்ளரைக் கழற்றி ஆயில் இறங்கியிருக்கிறதா, பின் பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாவியைப் போட்டு சப்ளையும் எர்த்தும் சரியா என்று மல்டிமீட்டரில் அளக்க வேண்டும். கப்ளரை மாட்டி, பின்பக்கமாக மீட்டரைக் கொடுத்து, என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றினால் சிக்னல் ஏறி இறங்க வேண்டும். வயரை அங்கங்கே அசைத்துப் பார்க்க வேண்டும். மலை ரோட்டில் ஆடி ஆடி பிராக்கெட்டில் உரசிய வயர், எலி கடித்த வயர் எல்லாம் இப்படித்தான் சிக்கும். 24 வோல்ட் வண்டிக்கு வைத்திருக்கும் டெஸ்ட் லேம்ப்பை இங்கே கொண்டுவந்தால் ஒன்று பல்ப் எரியாது, இல்லை இசிஎம்முக்கே ஆபத்து. பேட்டரி வீக்காக இருந்து, செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் படுத்துவிட்டாலும் பொய்யாகக் கோடு விழலாம். இன்னொன்று, அந்த 5 வோல்ட் சப்ளையை வேறு சென்சாரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தால் அதில் ஷார்ட் ஆனாலும் பழி கேம் சென்சார் மேல் விழும். பி0016 என்று வந்தால் கதையே வேறு: கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை. சென்சார்கள் உண்மை பேசிக்கொண்டிருக்கலாம், உள்ளே டைமிங் நகர்ந்திருக்கலாம். அப்போது புது சென்சார் போடுவது காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுவது மாதிரி.

சூடானால் மட்டும் போகிற கோளாறு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். மேலே சொன்ன லாரியில் நிஜமாகவே சென்சார்தான் சூட்டில் படுத்திருக்கலாம், வயரும் இருக்கலாம். என்ஜின் சூட்டோடு இருக்கும்போதே அளந்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு மணி நேரம் ஆகும், இரண்டு மணி நேரமும் ஆகலாம். கடைசியில் உரசிய வயரில் டேப் சுற்றிக் கொடுத்தால் ஓனர் என்ன கொடுப்பார்? "ஒரு வயரைச் சுத்தினதுக்கா இவ்வளவு?" என்பார். அதே ஆள் பத்து நிமிஷத்தில் சென்சாரை மாற்றி, காலி டப்பாவைக் கையில் கொடுத்தால் பேசாமல் காசு எண்ணுவார். பொருளுக்குக் காசு, கண்டுபிடிப்புக்குக் காசில்லை என்று சந்தையே சொல்லிவிட்ட பிறகு எவர் மீட்டரைத் தூக்குவார்? யூகித்து மாற்றுவது மெக்கானிக்கின் சோம்பேறித்தனம் அல்ல. ஓனர்கள் சேர்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்த வியாபாரம். டாக்டரிடம் மட்டும் மாத்திரை இல்லாவிட்டாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டு வருகிறோம்!

கூலி கொடுத்தாலும் இன்னொரு தடை இருக்கிறது. எந்த வயர் எந்தப் பின்னுக்குப் போகிறது என்கிற வயரிங் படம். அது கம்பெனியிடமும் அதன் டீலரிடமும் இருக்கும். தனிப் பட்டறைக்காரருக்கு வாட்ஸப்பில் எவரோ அனுப்பிய மங்கலான போட்டோதான்.

இது புதுப் புகார் இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களும் கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. அது காருக்கு, லாரிக்கு அல்ல. மேல்முறையீடுகளும் நடந்தன. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது, டிசம்பரில் இணையதளமும் திறந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் கட்டாயச் சட்டம் வேறு, இணையதளம் வேறு.

பிஎஸ்-6க்கு முன்மாதிரி யூரோ-6. பெரிய வண்டிகளுக்கு யூரோ-6 கொண்டுவந்த ஐரோப்பியச் சட்டத்தின் (எண் 595/2009) தலைப்பிலேயே இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று புகை, மற்றொன்று பழுதுபார்க்கும் தகவல் எல்லோருக்கும் கிடைப்பது. நம் ஊரில் பேச்செல்லாம் முதல் பாதியைப் பற்றித்தான். இரண்டாவது பாதியை எந்த ஓனர் கேட்டார், எந்த லாரி சங்கம் கேட்டது?

அதுவரை ஓனர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை "சென்சார் போச்சு" என்று போன் வந்தால் எஃப்எம்ஐ எண் என்ன என்று கேளுங்கள். சப்ளை எத்தனை வோல்ட் வந்தது என்று கேளுங்கள். அளந்து சொன்னால், சாமான் எதுவும் மாற்றாவிட்டாலும், அந்த ஒரு மணி நேரத்துக்குப் பில்லில் தனியாக ஒரு வரி எழுதச் சொல்லிக் காசு கொடுங்கள்.